தேயிலைத் தராசுக்குள் ஒரு சென்னை சிப் நுழையுமா?

கோத்தகிரிப் பக்கம் பிற்பகலில் போனால், சாலையோரக் கொட்டகைகளில் கொழுந்து மூட்டைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். காலையிலிருந்து பறித்ததெல்லாம் அங்கேதான் எடைக்கு வரும். மூட்டை தராசில் ஏறியதும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். சிவப்பு எண்கள் ஒளிரும் அந்தச் சின்னப் பெட்டிக்கு! சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று பேச்சு நடக்கலாம். ஆனால், பெட்டி காட்டும் எண்ணை எதிர்த்து யாரும் பேச முடியாது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சை அட்டை. அதன் நடுவில் விரல் நகத்தைவிடச் சிறிதாக ஒரு கறுப்புச் சதுரம். எடையைக் கணக்கிட்டு எண்ணாக மாற்றிக் காட்டுவது அதுதான். 'மைக்ரோகன்ட்ரோலர்' என்பது அதன் பெயர். சுருக்கமாக, சிப். தராசு நம் ஊரில் பூட்டப்பட்டிருக்கலாம், பெட்டி நம் ஊரில் வார்க்கப்பட்டிருக்கலாம். ஆனால், இந்தியாவில் ஓடும் இப்படிப்பட்ட கருவிகளுக்குள் இருக்கும் சிப்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கம்பெனிகளின் சரக்கு. தராசு மட்டுமல்ல, கரன்ட் மீட்டர், வாஷிங் மெஷின், தேயிலை ஆலையில் காம்பையும் தூளையும் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர், கிணற்று மோட்டாரை செல்போனில் ஆன் செய்யும் ஸ்டார்ட்டர் என எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்தக் கதையை மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறது சென்னையைச் சேர்ந்த 'மைண்ட்குரோவ் டெக்னாலஜீஸ்'. 2021-ல் ஆரம்பித்த நிறுவனம். சஷ்வத் டி.ஆர்., ஷரன் சீனிவாஸ் என்ற இருவர் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி-யின் அரவணைப்பில் வளர்ந்தது. 2024 மே மாதம் 'செக்யூர் ஐ.ஓ.டி' என்ற பெயரில் தன் முதல் சிப்பை அறிமுகப்படுத்தியது.

சிப் செய்தாகிவிட்டது. அதை யார் வாங்குவார்கள்? சுவாரஸ்யமே இனிமேல்தான் இருக்கிறது.

அ, ஆ-வுக்கு யாராவது காசு கேட்பார்களா?

சென்னையில் ஒரு சிப் பிறந்ததற்குப் பின்னால் பத்து வருட முன்கதை உண்டு.

எந்த சிப்பாக இருந்தாலும் அதற்கென்று ஓர் அடிப்படை மொழி வேண்டும். 'கூட்டு', 'கழி', 'இதை எடுத்து அங்கே வை' என்பது மாதிரியான கட்டளைகளின் தொகுப்பு அது. செல்போன் சிப்களில் பெரும்பாலும் 'ஆர்ம்' என்ற கம்பெனியின் மொழி. கம்ப்யூட்டர்களில் நெடுங்காலமாக இன்டெல்லின் மொழி. இந்த மொழிகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. பயன்படுத்த வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அ, ஆ எழுதுவதற்கு ஒருவருக்கு வாடகை கட்டுவது போலத்தான்.

2010-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு புதிய மொழியை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதன் பெயர் 'ரிஸ்க்-ஃபைவ்'. இந்தக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்களில் சென்னை ஐ.ஐ.டி பேராசிரியர் வி.காமகோடியின் குழுவும் ஒன்று. அந்த மொழியில் இயங்கும் பிராசஸர்களை வடிவமைக்கும் 'சக்தி' திட்டம் அங்கே வளர்ந்தது. 2018-ல் சக்தி பிராசஸர் நிஜ சிப்பாகவே கையில் வந்தது. ஒன்று, அமெரிக்காவில் இன்டெல்லின் ஆலையில் தயாரானது. இன்னொன்று சண்டிகருக்குப் பக்கத்தில், மொகாலியில் உள்ள மத்திய அரசின் செமிகண்டக்டர் ஆலையில் தயாரானது. 2020-ல் 'மௌஷிக்' என்று ஒரு சிப். சக்திக்குப் பிள்ளையார், பிள்ளையாருக்கு மூஞ்சூறு என்று பெயர் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் குறும்பு இருந்திருக்க வேண்டும்! காமகோடி இப்போது அதே ஐ.ஐ.டி-யின் இயக்குநர்.

ஆனால், ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிவது வேறு, கடையில் பல்பு விற்பது வேறு. ஆய்வுக்கூடம் சில நூறு சிப் செய்து, 'ஓடுகிறது' என்று காட்டினால் போதும். சந்தைக்கு லட்சக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஓட வேண்டும். கெட்டுப்போனால் பதில் சொல்ல ஆள் வேண்டும். மைண்ட்குரோவ் கையில் எடுத்தது இந்தக் கடைசிக் கட்ட வேலையை. சக்தியின் பிராசஸரை மையமாக வைத்து, அதைச் சுற்றித் தேவையான மற்ற உறுப்புகளை அமைத்து, விற்பனைக்குரிய ஒரு முழு சிப்பாக்கினார்கள்.

டிஜிட்டல் முத்திரை

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் 'ஆர்டுயினோ' என்ற நீல அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பிரபலமான 'ஊனோ' மாடலின் சிப், நொடிக்கு 1.6 கோடி தாளத்தில் இயங்கும். மைண்ட்குரோவின் சிப் நொடிக்கு 70 கோடி தாளம். 28 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை வைத்து நுணுக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். (இந்த 28, 22 என்பதெல்லாம் இப்போது ஓர் அளவைவிட, தலைமுறையின் பெயர் என்பதே சரி. அதை விடுங்கள்.)

வேகத்தைவிட முக்கியம், பெயரிலேயே இருக்கும் 'செக்யூர்'.

தராசுக்கே திரும்புவோம். முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து, தராசில் முத்திரையிட்டுப் போவார். முத்திரை கலைந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால், எலெக்ட்ரானிக் தராசில் எடையைக் குறைத்துக் காட்ட ஸ்க்ரூவைத் திருக வேண்டியதில்லை. உள்ளே ஓடும் புரோகிராமை மாற்றினாலே போதும். வெளியே முத்திரை அப்படியே இருக்கும்!

இதற்குத்தான் சிப்புக்குள்ளேயே ஒரு முத்திரை தேவைப்படுகிறது. கருவியை ஆன் செய்ததும், சிப் புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால் அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். தயாரிப்பாளர் போட்ட கையெழுத்துதானா? ஆம் என்றால் ஓடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஓட மறுக்கும். சாவி, சிப்புக்குள் வெளியிலிருந்து படிக்க முடியாதபடி பூட்டிவைக்கப்பட்டிருக்கும். கருவியிலிருந்து இணையம் வழியாகப் போகும் தகவலும் சங்கேத வடிவில் போகும். செக்யூர் ஐ.ஓ.டி சிப்பில் இந்தப் பாதுகாப்பு வேலைகளுக்காகவே தனிப் பகுதிகள் உண்டு. ஸ்மார்ட் வாட்ச், கரன்ட், தண்ணீர், கேஸ் மீட்டர்கள், மின்வாகனங்களின் பேட்டரி மேலாண்மை ஆகியவற்றைத்தான் நிறுவனம் குறிவைக்கிறது.

மீட்டர் என்றதும் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நாடு முழுக்க 25 கோடி வீடுகள், கடைகளின் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது மத்திய அரசின் திட்டம். அத்தனை மீட்டருக்குள்ளும் ஒரு சிப்பாவது இருக்கும். ஒரு நாட்டின் கரன்ட் கணக்கை வைத்திருக்கும் சிப், யார் வடிவமைத்தது என்ற கேள்வி சின்னக் கேள்வி அல்ல.

கொழுந்து ஒருவருடையது... ஆலை இன்னொருவருடையது!

'இந்திய சிப்' என்றதும், சென்னையில் எங்கோ ஒரு ஆலையில் சிப் பொரிந்து விழுவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மைண்ட்குரோவிடம் ஆலை கிடையாது. வடிவமைப்பு மட்டும் இங்கே. 28 நானோமீட்டர் சிப் தயாரிக்கும் ஆலை இந்தியாவில் அப்போது இல்லை என்பதால், தயாரிப்பு வெளிநாட்டில். குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவான் கூட்டாளியுடன் 91,000 கோடி ரூபாயில் கட்டும் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதே 2024 மார்ச்சில்தான்.

இது குறையும் அல்ல. என்விடியா, குவால்காம் போன்ற ஜாம்பவான்களுக்கும் சொந்த ஆலை கிடையாது. நீலகிரிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும். ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயி, சொந்த ஆலை கட்ட முடியாது. கொழுந்தை இன்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலைக்கோ, தனியார் ஆலைக்கோ கொடுத்துவிடுவார். ஒரு வித்தியாசம்தான். ஆலைக்குள் போன கொழுந்தில் விவசாயியின் பெயர் கரைந்துபோகிறது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனாலும் அவர் கைக்கு வருவது பசுந்தேயிலைக்கான கிலோ விலை மட்டும். சிப் உலகில் தலைகீழ். ஆலைக்குக் கூலி, வடிவமைத்தவருக்குப் பெயரும் விலை சொல்லும் உரிமையும். அதனால்தான் வடிவமைப்பைப் பிடிக்க இத்தனை போட்டி.

அந்த உரிமை சும்மா கிடைப்பதில்லை. வடிவமைப்பு முடிந்ததும் அதை ஆலைக்கு அனுப்புவதை 'டேப்-அவுட்' என்கிறார்கள். ஒரு காலத்தில் காந்த நாடாவில் பதிந்து அனுப்பியதால் வந்த பெயர். சிப்பின் ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் அச்சடிக்க 'மாஸ்க்' எனப்படும் தகடுகள் வேண்டும். ஒரு செட் மாஸ்க்குக்கே கோடிக்கணக்கில் செலவாகும். அனுப்பிவிட்டுச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். வந்த சிப்பில் தப்பு இருந்தால்? செல்போன் ஆப் மாதிரி 'அப்டேட்' கொடுத்துவிட முடியாது. மாஸ்க்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். 1994-ல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் ஒரு சின்னப் பிழை. பல நூறு கோடியில் ஒரு கணக்குதான் தப்பும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் மாற்றிக்கொடுக்க 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. இன்டெல் தாங்கியது. ஒரு ஸ்டார்ட்அப்புக்கு அப்படி ஒரு பிழை போதும், கதவைச் சாத்த.

2023-ல் மைண்ட்குரோவ் முதலீடாகத் திரட்டியது சுமார் 23 லட்சம் டாலர். முதல் சிப் வந்த பிறகு, 2024 டிசம்பரில் இன்னும் 80 லட்சம் டாலர். நமக்குப் பெரிய தொகையாகத் தோன்றும். சிப் தொழிலில் இது சிக்கனக் குடும்பத்தின் பட்ஜெட்.

மத்திய அரசும் கைகொடுக்கிறது. 2021 டிசம்பரில் அறிவித்த 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தில், வடிவமைப்பாளர்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. தகுதியான செலவில் பாதிவரை, அதிகபட்சம் 15 கோடி ரூபாய் திருப்பித் தருவார்கள். மைண்ட்குரோவும் இதன் ஆதரவைப் பெற்ற நிறுவனம்தான்.

ஊட்டி சொல்லும் பழைய கதை

ஆனால் பணம், திறமை, அரசு ஆதரவு மூன்றும் இருந்தும் சந்தை கைவிட்டால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஊட்டி இந்து நகர் போதும்.

1960-ல் மத்திய அரசு அங்கே 'ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது. ஃபிலிம் சுருள் என்பது ஒளிபட்டால் மாறும் ரசாயனப் பூச்சு. தூசு ஆகாது, வெப்பம் ஆகாது, சுத்தமான தண்ணீர் ஏராளமாக வேண்டும். அதற்கு ஏற்ற இடம் நீலகிரி மலை. (சிப் ஆலைக்கும் இதே தேவைகள்தான் என்பது வேடிக்கை. அங்கேயும் ஒளியால் அச்சடிக்கிறார்கள், தூசுதான் முதல் எதிரி.) 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்-ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. ஆலையை நம்பி ஒரு குடியிருப்பே உருவானது. ஊட்டியில் நிரந்தர வேலை என்றால் அந்த ஆலை என்று இருந்த காலம் அது.

உற்பத்தி தொடங்கி இரண்டே வருடத்தில், 1969-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் ஒளியை மின்சாரமாகப் பதிவுசெய்யும் ஒரு சிப்பைக் கண்டுபிடித்தார்கள். சி.சி.டி என்ற அந்தச் சிப்புக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிஜிட்டல் கேமராவின் ஆரம்பம் அது. ஆக, ஃபிலிமுக்கு எமன் ஒரு சிப்!

அந்த எமன் வந்துசேர்வதற்கு முன்பே ஊட்டி ஆலை தள்ளாடத் தொடங்கியிருந்தது. எக்ஸ்-ரே ஃபிலிமில் புதிய பாலியெஸ்டர் தொழில்நுட்பத்துக்காக வாங்கிய கடனின் வட்டி கழுத்தை நெரித்தது. இறக்குமதி ஃபிலிமோடு விலையில் மோத முடியவில்லை. 90-களின் நடுவில் நலிவடைந்த நிறுவனம் ஆனது. பிறகு டிஜிட்டல் அலை வந்து மிச்சத்தையும் அடித்துப்போனது. கோடாக்கே 2012-ல் திவால் மனு போட்டபோது ஊட்டி எம்மாத்திரம்? கடைசித் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அவர்களுக்கு ஃபிலிம் செய்யத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்திருந்தது.

இன்ஜினீயரின் மேஜையில்தான் தேர்தல்

மைண்ட்குரோவ் இப்போது நிற்கும் இடமும் அந்தச் சந்தையின் வாசல்தான்.

மலையிறங்கினால் கோவை. மோட்டார் ஸ்டார்ட்டர், மின்னணுத் தராசு, ஜவுளி இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று செய்யும் சிறு நிறுவனங்கள் எத்தனையோ. அங்கே ஓர் இன்ஜினீயர் புதிய கருவிக்கு சிப் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.டி மைக்ரோ, என்.எக்ஸ்.பி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று அவருக்குப் பழகிய பெயர்கள் இருக்கின்றன. மலிவாக வேண்டுமென்றால் சீனாவின் எஸ்பிரெசிஃப் இருக்கிறது. சந்தேகம் வந்தால் இணையத்தில் ஆயிரம் பேர் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். புதிய கம்பெனி சிப்புக்கு மாறினால் புரோகிராமை மாற்ற வேண்டும், அட்டையை மாற்ற வேண்டும், மறுபடி சோதித்து சான்றிதழ் வாங்க வேண்டும். தேசப்பற்று இருக்கலாம். ஆனால், டெலிவரி தேதியும் இருக்கிறதே!

அதோடு ஒரு நியாயமான பயம். இன்று வடிவமைக்கும் மீட்டர் பத்து வருடம் விற்கும். பத்து வருடமும் அதே சிப் கிடைக்குமா? கம்பெனி இருக்குமா?

இதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் விற்க வேண்டும். ஒத்த திறனுள்ள மற்ற சிப்களைவிடச் சுமார் 30 சதவிகிதம் விலை குறைவாக இருக்கும் என்று அறிமுகத்தின்போது சொன்னது மைண்ட்குரோவ். விலை ஒரு தூண்டில்தான். அத்துடன் சோதனை அட்டை, மென்பொருள் கருவிகள், விளக்கக் கையேடு எல்லாம் தர வேண்டும். கூப்பிட்டால் ஓடிவரும் ஆளும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. வெளிநாட்டு ஜாம்பவானுக்கு, வருடம் ஐயாயிரம் சிப் வாங்கும் கோவைக்காரர் கண்ணுக்கே தெரிய மாட்டார். சென்னைக்காரர் ராத்திரி ரயிலேறி, காலையில் அவர் வாசலில் நிற்கலாம்.

இன்னொரு சாதகத்தை உலகமே செய்துகொடுத்தது. 2021-ல் சிப் பஞ்சம் வந்தபோது கார் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அந்த செப்டம்பரில் மாருதி சுஸூகியின் உற்பத்தி, வழக்கமானதில் 40 சதவிகிதம் அளவுக்குத்தான் இருக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. லட்சக்கணக்கில் விலையுள்ள கார், சில நூறு ரூபாய் சிப்புக்காக நின்றது. 'இன்னொரு கடையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்' என்ற எண்ணம் வாங்குபவர்களுக்கு அதன் பிறகுதான் அழுத்தமாக வந்தது.

சுற்றுவட்டாரமும் மெல்லக் கூடிவருகிறது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி-யும் 'ஐரிஸ்' என்ற சக்தி சிப்பை இயக்கிக் காட்டின. வடிவமைப்பு, தயாரிப்பு, உறையிடுதல், அட்டை தயாரிப்பு, பொருத்துதல் என எல்லாமே இந்தியாவில். விண்வெளி வேலைக்கு மொகாலி ஆலையின் பழைய 180 நானோமீட்டர் தொழில்நுட்பமே போதும். தமிழக அரசும் 2025-26 பட்ஜெட்டில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திரத் தயாரிப்புப் பூங்காக்கள் வரும் என்றும் சொல்லியிருக்கிறது.

மைண்ட்குரோவின் அடுத்த சிப், கண்காணிப்புக் கேமராக்களுக்கானது. கேமரா எடுக்கும் காட்சியை அங்கேயே அலசி, யார், என்ன என்று கண்டுகொள்ளும் வகை. நேரமும் தோதாக அமைந்திருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து, இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சிப் யாருடையது என்று கேமரா தயாரிப்பாளர்கள் கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் முறையாக, சந்தை தானாக வந்து கதவைத் தட்டுகிறது.

கோத்தகிரிக் கொட்டகையில் தராசு இன்னும் பழைய சிப்போடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பழுதாகி, கோவையில் யாரோ ஒருவர் அடுத்த மாடலுக்கான அட்டையை வரையும் நாளில், சென்னையிலிருந்து ஒருவர் மாதிரி சிப்போடு அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.